கடவுள் நம்ம தோட்டத்துத் தொரை இல்லை

பதுளை டவுனுக்கு வந்துபோகிற யாருக்கும் புனித மாற்கு ஆலயம் தெரியும். 1857இல் அர்ப்பணிக்கப்பட்ட அந்த அங்கிலிக்கன் கோயில், மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் ஞாபகமாகக் கட்டப்பட்டது. ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று பெயர் எடுத்த மனுஷன். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். நுவரெலியாவில் இருக்கும் அவருடைய கல்லறையையும் மின்னல் விடவில்லை என்று ஒரு கதை உண்டு. இந்தக் கதையைச் சொல்லி முடிக்கிற எல்லாரும் கடைசியில் ஒரே வசனத்துக்குத்தான் வருவாங்க: "பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை."

கேட்கும்போது நல்லாத்தான் இருக்கு. யானையைக் கொன்றவனை வானம் கொன்றது, கணக்கு சரி. ஆனால் இதே கணக்கை நம்ம பக்கம் திருப்பிப் பிடித்தால் என்ன ஆகும்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டவங்க மண்ணுக்குள்ளே போனாங்க. பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமே இல்லை. அவங்க என்ன பாவம் செய்தாங்க? ரொஜர்ஸ் கதையைத் தலையாட்டிக் கேட்கிற நாம், இந்தக் கேள்விக்கு முன்னால் வாயைத் திறக்க முடியாது. ஆனாலும் ஒவ்வொரு மண்சரிவுக்குப் பிறகும், ஒவ்வொரு சாவு வீட்டிலும், "ஏதோ ஒரு குறை இருந்திருக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போக யாராவது ஒருத்தர் இருக்கத்தான் செய்கிறார்.

இயேசுவிடமும் இதே மாதிரி ஒரு செய்தி பேசப்பட்டதை லூக்கா எழுதியிருக்கிறார். சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்திருந்தாங்க. அவங்க ஊரிலேயே பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். அதோடு, கேட்டுக்கொண்டிருக்கிறவங்களைப் பார்த்து நீங்களும் மனம் மாறுங்க என்கிறார். செத்தவங்களைப் பாவக் கணக்கிலிருந்து விட்டுவிட்டு, உயிரோடு இருக்கிறவங்களிடம் பொறுப்பைக் கேட்கிறார். நம்ம வீட்டு ஜெபங்களிலும் ஞாயிறு பாடசாலைகளிலும் இந்தப் பகுதியை எத்தனை முறை கேட்டிருக்கோம் என்று யோசித்துப் பாருங்க.

நாங்க சொல்ல வருவது இதுதான். தோட்டத்தில் விசுவாசப் பாடம் படிக்கிறபோது, கடவுளுக்கு நாம் தெரியாமலேயே ஒரு தொரையின் முகத்தை மாட்டிவிட்டோம். அதனால் கீழ்ப்படிதல் என்றால் பயம், மன்னிப்பு என்றால் கழிவு போக மிஞ்சுவது என்று ஆகிவிட்டது. இந்த முகத்தைக் கழற்றாமல் "உன்னை நீயே மன்னித்துக்கொள்" என்று யாருக்குப் பாடம் எடுத்தாலும் அது உள்ளே இறங்காது.

அந்த முகம் எங்கே இருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். இந்த மலைகளில் நம்ம ஆட்களுக்கு இருநூறு வருஷ வரலாறு இருக்கு. அதில் பாதிக்கு மேல் கீழ்ப்படிதலின் வரலாறு. விடியக்காலையில் பெரட்டுக்களத்தில் நிற்கணும். கங்காணி சொன்ன மலைக்குப் போகணும். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். மழை பெய்து கொழுந்து குறைந்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பிந்தி வந்ததா என்பதைத் தராசு கேட்பதில்லை. 1948இல் குடியுரிமையைப் பறித்தபோதும் யாரும் நம்மைக் கேட்கவில்லை. இப்படி ஒரு இடத்தில் வளர்கிற பிள்ளையிடம் "கடவுள் உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், சொன்னதைச் செய்" என்று சொன்னால், அந்தப் பிள்ளையின் மனதில் யாருடைய முகம் வரும்?

மத்தேயுவில் ஒரு தோட்டம் வருகிறது. திராட்சைத் தோட்டம். சொந்தக்காரன் விடியற்காலையில் ஆள் பிடிக்கிறான். பிறகு ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியாகப் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் போகிறான். ஏன் சும்மா நிற்கிறீங்க என்று கேட்டால், எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறாங்க. சாயங்காலம் சம்பளம் கொடுக்கும்போது கடைசியில் வந்தவனுக்கும் முழு நாள் கூலி. காலையிலிருந்து நின்றவங்க முணுமுணுக்கிறாங்க, அது நியாயமான முணுமுணுப்புத்தான். ஆனால் அந்தத் தோட்டத்தில் அரைப்பேர் என்ற ஒன்று கிடையாது. இந்தக் கதையின் ருசி, அரைப்பேர் வாங்கிப் பழகின கைக்குத்தான் சரியாகத் தெரியும். நம்ம அம்மாமாருக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் எதுவும் தேவையில்லை.

இனி கீழ்ப்படிதலுக்கு வருவோம். புத்தகத் தமிழில் அதற்குக் "கீழ்ப்படிதல்" என்று பெயர். அந்தச் சொல்லிலேயே ஒருத்தன் மேலே, ஒருத்தன் கீழே. ஆனால் லயத்தில் நாம் என்ன சொல்றோம்? "சொல்பேச்சு கேக்குற புள்ள." கீழ்ப்படிகிறது என்றால் கேட்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லும், வெள்ளைக்காரன் பாஷைக்குள் வந்த லத்தீன் சொல்லும் கேட்பது என்ற வேரிலிருந்துதான் வருகின்றன. தமிழில் இன்னும் ஒரு அழகு இருக்கு. கேள் என்றால் காது கொடு என்றும் அர்த்தம், கேள்வி கேள் என்றும் அர்த்தம். ஒரே சொல்தான்.

வேதாகமத்தில் கடவுளுக்குக் கீழ்ப்படிந்தவங்க பலர் இரண்டையும் செய்தவங்கதான். சோதோமுக்காக ஆபிரகாம் பேரம் பேசுகிறார். மோசே என்னால் முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். மரியாள்கூட ஆமென் சொல்வதற்கு முன்னால் இது எப்படி ஆகும் என்று தேவதூதரிடம் கேட்கிறாள். அதற்காக யாருக்கும் அன்றைய பேர் வெட்டப்படவில்லை. கேள்வி கேட்கிற பிள்ளையை அடங்காப்பிடாரி என்று உட்கார வைக்கிற வகுப்பு, மரியாளையும் உட்கார வைத்திருக்கும்.

இன்னொன்று. கடவுளுக்குக் கீழ்ப்படிந்ததாலேயே மனுஷனுக்குக் கீழ்ப்படிய மறுத்தவங்களும் அதே வேதாகமத்தில் இருக்காங்க. எகிப்தில் எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொல்லி ராஜா போட்ட கட்டளையை சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவிச்சிகள் நிறைவேற்றவில்லை. ராஜாவின் பெயரை யாத்திராகமம் எழுதிவைக்கவில்லை. மருத்துவிச்சிகளின் பெயரை எழுதிவைத்திருக்கிறது. குறைந்த கூலியையும், அடிக்கிற புருஷனையும், வெடித்த லயச் சுவரையும் "பொறுத்துக்கோ, கீழ்ப்படி" என்ற ஒரே வார்த்தையில் மூடுகிறவங்க இந்த இரண்டு பெண்களையும் படித்துவிட்டு வரணும்.

நம்ம ஊவாவிலேயே கீழ்ப்படிதலுக்கு வேறு முகம் காட்டின இடங்கள் இருக்கு. அப்புத்தளைக்குப் பக்கத்தில் இருக்கிற அடிஷாம் பங்களாவை எடுத்துக்கொள்ளுங்க. 1931இல் சர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டின பெரிய கல் மாளிகை. இன்று அது பெனடிக்டைன் துறவிகளின் மடம். அவங்க வாழ்க்கைக்கு அடிப்படையான புனித பெனடிக்டின் ஒழுங்கு, கேட்கச் சொல்லும் அழைப்போடுதான் தொடங்குகிறது. அதே சபையைச் சேர்ந்தவர்தான் ஆயர் லியோ நாணயக்கார. 1972இல் பதுளை மறைமாவட்டம் புதிதாக உருவானபோது, பெரிய கண்டி மறைமாவட்டத்தை விட்டுவிட்டு இங்கே முதலாவது ஆயராக வந்தார். கிராமத்து ஏழைகளோடும் தோட்ட மக்களோடும் நிற்கிற ஒரு திருச்சபையைப் பற்றி 1982இல் இறக்கும்வரை பேசினார். பெரிய இடத்திலிருந்து சின்ன இடத்துக்கு வந்த அவர், கீழே படிந்து வருவது மேலே இருக்கிறவனுடைய வேலையும்தான் என்று காட்டினார்.

இப்போது மன்னிப்பு. "கடவுள் மன்னிச்சிட்டார், இனி உன்னை நீயே மன்னிச்சுக்கோ" என்பது இந்தக் காலத்துப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிற வசனம். நல்ல நோக்கம்தான், ஆனால் அதில் ஒரு படி விட்டுப்போகிறது. மன்னிப்பதற்கு முன்னால், அது உன் குற்றமா என்று பார்க்கணும்.

மீரியபெத்தைக்கே திரும்பப் போவோம். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அனர்த்தத்துக்குப் பிறகு "எச்சரிக்கையைக் கேட்டிருக்கலாமே" என்ற பேச்சும் எழும்பியது. கேட்டு எங்கே போறது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம், காணி உறுதி கையில் இல்லை, வேலை அந்த மலையில். தப்பினவங்க பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தங்கவைக்கப்பட்டு, ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து 2016இல்தான் புது வீடுகளுக்குப் போனாங்க. "நான் அன்னைக்கு அவளை எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருந்தா" என்று நினைத்து நினைத்து உருகுகிற ஒருத்தரிடம் உன்னை மன்னித்துக்கொள் என்று சொல்வது ஆறுதல் மாதிரி தெரியும். உண்மையில் அது, நீ குற்றவாளி என்ற தீர்ப்பை முதலில் ஒத்துக்கொள்ளச் சொல்கிறது. அவருக்குத் தேவை மன்னிப்பு இல்லை. இது உன் குற்றம் இல்லை என்று யாராவது உட்கார்ந்து தெளிவாகச் சொல்லணும்.

வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போய் வந்த அம்மா, பிள்ளை படிப்பை விட்டுவிட்டான் என்று தன்னையே திட்டிக்கொள்கிறாள். ஓ.எல். பெயிலான தம்பி, கொழும்புக் கடையில் நின்றுகொண்டு குடும்பத்தை ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறான். இவங்க சுமக்கிறதில் பாதிக்கு மேல் வேறு யாரோ இறக்கிவைத்த மூட்டை. விசுவாசப் பாடம் முதலில் இந்த மூட்டையைப் பிரிக்க உதவி செய்யணும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. ராத்திரி குடித்துவிட்டு மனுஷியை அடித்தவன், ஞாயிற்றுக்கிழமை கையைத் தூக்கி அழுது, "ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டார், நானும் என்னை மன்னிச்சிட்டேன்" என்று லேசாக வீட்டுக்குப் போகிறான். அடி வாங்கினவளிடம் யாரும் கேட்கவில்லை. இது மன்னிப்பு இல்லை, மறதி. சக்கேயு என்ன செய்தான்? இயேசு அவன் வீட்டுக்குப் போனார், அது இலவசம். ஆனால் அந்த அன்பு உள்ளே போனதும், ஏமாற்றி வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாக எழும்பி நின்று சொன்னான். நம்ம குற்றம் என்று தெரிந்தால் ஒத்துக்கொள்ளணும், திருப்பிக் கொடுக்க முடிந்ததைக் கொடுக்கணும். தன்னை மன்னிக்கிறது அதோடு சேர்ந்து நடக்கிற காரியம். இதைக் குறுக்குவழியாக ஆக்கிவிட்டால் பாதிக்கப்பட்டவங்களுக்கு இரண்டாவது அடி விழும்.

பேதுருவையும் யூதாசையும் பற்றி எல்லாருக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரே ராத்திரியில் கைவிட்டவங்க. யூதாசைப் பற்றி நாம் கவனிக்காத ஒன்று மத்தேயுவில் இருக்கு. அவன் வருந்தினான், காசைத் திருப்பிக் கொண்டுபோனான், குற்றமில்லாதவரைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய் திறந்தும் சொன்னான். ஆனால் போனது ஆசாரியர்களிடம். அது உன் பாடு என்று அவங்க கையை விரித்தாங்க. அதற்குப் பிறகு அவன் தனி ஆள். பேதுருவும் கசந்து அழுதான். ஆனால் ஞாயிறு காலையில் கல்லறை செய்தி வந்தபோது அவன் மற்றவங்களோடு இருந்தான். குற்ற உணர்வில் தனியாக இருந்தவனுக்கும் கூட்டத்தோடு இருந்தவனுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

அதனால்தான் "உன்னை நீயே மன்னித்துக்கொள்" என்று ஒருத்தரிடம் சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போக முடியாது. அதைத் தனியாகச் செய்ய முடிந்தவங்க குறைவு. சொல்ல வருகிறவரைப் பார்த்துக் கையை விரிக்காமல் இருப்பது ஜெபக்கூட்டத்தின் வேலை. உயிரை விட நினைக்கிற அளவுக்கு ஒருத்தர் போய்விட்டார் என்று தெரிந்தால் ஜெபத்தோடு நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகணும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். தற்கொலை முயற்சி குற்றம் என்று இருந்த சட்டத்தை இலங்கை 1998லேயே நீக்கிவிட்டது. சட்டமே விட்ட பிறகு நாம் இன்னும் அதைச் சொல்லி ஒருத்தரை ஒதுக்கினால், சீலோவாம் கோபுரத்தைப் பற்றி இயேசு சொன்னதை நாம் கேட்கவே இல்லை.

கடைசியாக, கடற்கரையில் நடந்தது. யோவான் எழுதின வரிசையைப் பாருங்க. ராத்திரி முழுக்க ஒன்றும் கிடைக்காத பேதுருவுக்கு முதலில் கரியடுப்பில் சுட்ட மீனும் அப்பமும் கிடைக்கிறது. அதற்குப் பிறகுதான் என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேள்வி. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வேலை: ஆடுகளைப் பார்த்துக்கொள். முதலில் சாப்பாடு, பிறகு பேச்சு, பிறகு வேலை. தோட்டத்து வரிசை இதற்குத் தலைகீழ். கிலோவை நிரப்பு, பிறகு பேர் போடுறோம்.

எங்க பகுதிகளில் விசுவாசப் பாடம் எடுக்கிற அக்காமார், அண்ணன்மார், சிஸ்டர்மார், பாஸ்டர் ஐயாமார் எல்லாரிடமும் ஒன்றுதான் கேட்கிறோம். அடுத்த முறை கீழ்ப்படிதல் பாடம் வரும்போது, பாதி நேரத்தைப் பிள்ளைகள் கேள்வி கேட்பதற்கு விடுங்க. பாவமன்னிப்புப் பாடம் வரும்போது, எது நம்ம பாவம், எது நமக்குச் செய்யப்பட்ட பாவம் என்று பிரித்துப் பார்க்க அவங்களுக்குக் கற்றுக்கொடுங்க. இதற்குப் புதுப் புத்தகம் வேண்டாம். கையில் இருக்கிற பழைய புத்தகத்திலேயே எல்லாம் இருக்கு.