மைசூர்ப் பிள்ளைகளைப் பாவம் என்று சொல்லாதீர்கள்

மைசூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளைப் பார்த்து, ஊரிலிருந்து வரும் உறவினர்கள் தவறாமல் சொல்வார்கள்: “பாவம், தமிழும் ஒழுங்கா வரல, கன்னடமும் வரல. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்.” படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். பிள்ளை பேசத் தாமதமானால், வீட்டில் ஒரே மொழி போதும் என்று அறிவுரை வேறு. இந்த நம்பிக்கை தவறு. பிள்ளைகளுக்குக் கெடுதலும் செய்கிறது.

தேவராஜ மார்க்கெட்டின் பூக்கடை வரிசையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பத்து வயதுப் பெண் “ஒந்து மாரு எஷ்டு?” என்று கன்னடத்தில் பேரம் பேசுவாள். அதே மூச்சில் திரும்பி, “இன்னைக்கு விலை ஜாஸ்தி பாட்டி, கொஞ்சமா வாங்கலாம்” என்பாள். இதில் குழப்பம் எங்கே இருக்கிறது?

1929-இல் இதே மைசூரில் பிறந்தவர் ஏ. கே. ராமானுஜன். கீழே சமையலறையில் அம்மாவிடம் தமிழ், மாடியில் கணிதப் பேராசிரியரான அப்பாவிடம் ஆங்கிலம், தெருவில் கன்னடம். கன்னடத்தில் கவிதை எழுதினார். பசவண்ணர், அக்கமகாதேவி வசனங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். 1962-இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் தேடப் போனவர் கையில், உ.வே.சா. 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை அகப்பட்டது. ஐந்தே ஆண்டில் அதன் பாடல்கள் ஆங்கிலத்தில் நூலாயின. அவர் மட்டுமல்ல, வீட்டில் தமிழ் பேசிய எழுத்தாளர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார்தான் கன்னடத்துக்கு 1983-க்கான ஞானபீடத்தைப் பெற்றுத் தந்தார்.

அவர்கள் மேதைகள், நம் பிள்ளைகளோடு ஒப்பிடலாமா என்பார்கள். சரி, சாதாரணப் பிள்ளைகளையே எடுத்துக்கொள்வோம். 1962-இல் பீல், லாம்பெர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மான்ட்ரியல் நகரத்துப் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். இரு மொழிப் பிள்ளைகள் அறிவுத் தேர்வுகளில் பின்தங்கவில்லை, முந்தியே நின்றார்கள். அதற்கு முந்தைய ஆய்வுகள் பல, வறிய குடியேறிகளின் பிள்ளைகளை வசதியான பிள்ளைகளோடு ஒப்பிட்டுவிட்டுப் பழியை மொழிமேல் போட்டவை.

கஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1991 டிசம்பரில், காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி பெங்களூரிலும் மைசூரிலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அப்படியொரு நாளைப் பார்த்த தாய், பஸ்ஸில் தமிழில் பேசும் மகனின் வாயைப் பொத்தினால் அவளை எப்படிக் குறை சொல்வது? ஆனால் அந்தப் பயத்தைத் தந்தது கும்பல். பிள்ளையின் இரண்டு மொழிகள் யாரையும் அடிக்கவில்லை.

உண்மையான இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. பேச்சுத் தமிழ் நாக்கில் இருக்கிறது, எழுத்து கைக்கு வருவதில்லை. பாட்டியின் கடிதத்தைப் பேரனுக்கு வாசிக்கத் தெரியாது. குழம்பிவிடுவான் என்று பயந்து, தமிழ் அரிச்சுவடியை வாங்கித் தராமல் விட்டது நாம்தான். இப்போது பல வீடுகளில் தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை; இரண்டையும் ஒதுக்கி ஆங்கிலம் மட்டும். பக்கத்து வீட்டு அஜ்ஜியிடமும் சொந்தப் பாட்டியிடமும் ஒருசேரப் பேச முடியாத பிள்ளையை அப்படித்தான் உண்டாக்குகிறோம். இந்தக் கோடை விடுமுறையில் தினமும் அரைமணி நேரம் ஒதுக்கி, ‘அ’வில் தொடங்குங்கள். பள்ளியில் கன்னடம் அதன்பாட்டுக்கு நடக்கட்டும்.