பசியாறிய பின்னும் பசி ஏன்?



வயிறு நிறையப் பசியாறிவிட்டு வந்த வெட்டுக்காரன் பத்து மணிக்கே "பசிக்கிறது" என்றால், சாப்பாட்டு ராமன் என்று கேலி செய்ய ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தைக் கேட்கிறோம்: அவன் தட்டில் என்ன இருந்தது என்று என்றாவது பார்த்ததுண்டா?

நான்கு துண்டு வெள்ளை ரொட்டி. டின்பால் ஊற்றிய தேத்தண்ணீர். அந்த டின்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை! அது விரைவில் இரத்தத்தில் ஏறும், விரைவில் இறங்கும். பால் நன்றாக ஓடுவது விடியற்காலையில் என்பதால் இருட்டிலேயே புறப்படுகிறவனுக்கு, மதியம்வரை இது எப்படித் தாங்கும்? ஆபீசில் உட்கார்ந்திருக்கும் கிராணியாருக்கும் இதே கதைதான். அவர் கறிபாப் வாங்கிச் சமாளிக்கிறார், அவ்வளவே வித்தியாசம்.

புரதச்சத்து அப்படியன்று. பசியைத் தூண்டும் சுரப்பை அடக்கி, "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் சுரப்புகளைக் கூட்டுகிறது. 100 கலோரி புரதத்தை ஜீரணிக்கவே உடம்பு 20 முதல் 30 கலோரி செலவழிக்கிறது. மாவுச்சத்துக்கு 5 முதல் 10 தான். 2010-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வில் 21 ஆண்களுக்கு ஒருநாள் முட்டையும், இன்னொரு நாள் அதே கலோரி அளவுக்கு ரொட்டியும் காலையில் கொடுத்தார்கள். முட்டை தின்ற நாளில், அடுத்த 24 மணி நேரத்தில் அவர்கள் குறைவாகவே சாப்பிட்டார்கள். 21 பேர் சின்னக் கணக்குதான். ஆனால் பயறு தின்றவனுக்குப் பசி தாங்கும் என்பதை நம் வீட்டுக் கிழவிகள் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்கள்?

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவைப் பாருங்கள். ஒரு காலத்தில் அங்கேயும் ரப்பர் மரம் நின்றது. 1973 முதல் அடுக்குமாடி நகரமாயிற்று. அத்தொகுதியின் உறுப்பினரும் அப்போதைய பிரதமருமான லீ சியன் லூங், 60 வயது தாண்டிய இந்தியரில் பத்துக்கு ஆறு பேருக்கு நீரிழிவு என்று 2017 தேசிய தினப் பேருரையில் சொன்னார். பரம்பரை, உடம்பு அசையாத வாழ்க்கை என்று காரணங்கள் பல. ஆனால் நம்மவர் சிலர் பழியைத் தூக்கி இட்லியின் தலையில் போட்டார்கள். உளுந்து கலந்த இட்லி என்ன பாவம் செய்தது? சோற்றைத் திட்டுகிறவர்கள், சோற்றின் பக்கத்தில் பருப்பு ஏன் இல்லை என்று கேட்கிறார்களா?

அந்த நகரிலும் தீவு முழுவதிலும் கட்டட வேலை செய்யும் தமிழகத்துப் பிள்ளைகளில் பலருக்கு, இரவே சமைத்த சோற்றுப் பொட்டலம் விடியுமுன் வந்துவிடுகிறது. மலைபோல் சோறு, தண்ணீராய்க் குழம்பு. மதியப் பொட்டலமும் அப்போதே வந்து, வெயிலில் காத்துக் கிடக்கிறது. இதற்கு மாதாமாதம் அவன் பணம் கட்டுகிறான்! சிமெண்டுக்கும் கம்பிக்கும் அளவு குறிக்கிற குத்தகைக்காரருக்குப் பருப்புக்கு மட்டும் அளவு தெரியாதா?

இன்னொரு கூட்டம் புரதப் பொடி டின்னை நீட்டுகிறது. இளைஞர்களே, ஏமாறாதீர்கள்! 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 9. நெத்திலி, தெம்பே, பாசிப்பயறு எல்லாம் நம் கடையிலேயே உண்டு. சிறுநீரக நோயாளிகள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

"முட்டை சாப்பிடு" என்று புத்தி சொல்வது சுலபம். முட்டை காசுக்கு வருகிறது. காசு சம்பளத்திலிருந்து வருகிறது. ஆகவே புத்தி சொல்ல வருகிற கனவான்கள் முதலில் முதலாளியிடம் போய், பொட்டலத்தில் முட்டையோ மீனோ பயறோ எத்தனை கிராம் என்று எழுதி வாங்கி வரட்டும்.