தொண்ணூறு நாள் தவணை

போடிமெட்டுச் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கம் இறங்கினால் கைப்பேசி தமிழ்நாட்டு டவரை உதறிவிட்டுக் கேரளத்து டவரைப் பற்றிக்கொள்கிறது. ஏலக்காய்த் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, அன்றைய ஏலத்தில் காய் என்ன விலைக்குப் போயிற்று என்று போடியிலுள்ள முதலாளியை விசாரிக்கும் இரண்டு நிமிஷப் பேச்சு, இருவரும் வெவ்வேறு கம்பெனியின் சிம் வைத்திருந்தால், இரண்டு ஸ்தாபனங்களும் கைகோத்துக்கொள்ளும் இணைப்பு முனை ஒன்றைக் கடந்தே வந்தாக வேண்டும். அந்த வாசல் எத்தனை அகலம் என்பதை நிர்ணயிப்பது, பரஸ்பரம் போட்டியாளரான இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம்.

நம்மவர் கவனமெல்லாம் கட்டணத்தின்மேலேயே நின்றது. அழைப்பை அனுப்பும் கம்பெனி, அதை ஏற்று முடித்துவைக்கும் கம்பெனிக்கு நிமிஷத்துக்கு இவ்வளவு என்று தந்துவந்த தொகையை, ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2015இல் 14 பைசாவாகவும் 2017 அக்டோபரில் 6 பைசாவாகவும் குறைத்து, 2021 ஜனவரி முதல் அறவே எடுத்துவிட்டது. (மிஸ்டுகால் கொடுத்து எதிராளியைக் கூப்பிட வைக்கும் நம் சிக்கனம், இந்தப் பைசாக் கணக்கில் பெரிய கம்பெனிகளையே சண்டைக்கு இழுத்ததுண்டு.)

என் அபிப்பிராயத்தில் பைசா சில்லறை விஷயம், ஆயுதம் காலதாமதமே. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபோது, தன் வாடிக்கையாளரின் அழைப்புகளில் நூற்றுக்கு 75 பிறர் வாசலில் விழுந்துபோவதாக முறையிட்டது. பேச்சு இலவசம் என்று அறிவித்து வெள்ளத்தைத் திருப்பிவிட்டால் யார் தாங்குவது, முனைகளை விரிக்க ஒப்பந்தமே 90 நாள் அவகாசம் தருகிறதே என்று பழைய கம்பெனிகள் பதிலுரைத்தன. அதில் நியாயமே இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் 90 நாளில் ஏலத்தோட்டத்தில் இரண்டு காயெடுப்பாவது முடிந்துவிடும். லைன் கிடைக்காத சிம்மை அதுவரை எவன் சட்டைப்பையில் சுமப்பான்? நெரிசலால் தவறும் அழைப்பு ஆயிரத்துக்கு ஐந்தைத் தாண்டலாகாது என்பது விதி. அது மீறப்பட்டதாகக் கண்ட டிராய், மறுமாதமே ஏர்டெல், வோடபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதத்தைச் சிபாரிசு செய்தது. தொலைத்தொடர்புத் துறையின் நோட்டீஸ் புறப்பட்டதோ 2021இல், அவற்றுள் பின்னிரண்டும் ஒரே கம்பெனியாகி மூன்று வருஷம் கழித்து.

கேட்டவருக்குப் பாரபட்சமின்றி 30 நாளுக்குள் ஒப்பந்தம் தரவேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் விதிமுறை கெடு வைத்தது. கெடு வைத்தவர்களைப் பாராட்டலாம். மீறினால் ஒரு சேவை வட்டத்துக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் ஒரு லட்ச ரூபாய். ஏலக்காய் கிலோ 2,000 ரூபாய்க்குப் போகும் நாளில், போடி ஏல மையத்தில் 50 கிலோ மூட்டை ஒன்றின் விலை அது.