பூநாரை பார்க்க அவங்களும் வரட்டுமே!

நவம்பர் பொறந்தா போதும், சென்னை வாட்ஸ்அப் குரூப்களில் பழவேற்காடு பிளான் ஓட ஆரம்பிச்சிடும். பூநாரைகளைக் கூட்டமாகப் பார்க்கணும்னா சுண்ணாம்புக்குளம் மாதிரியான ஏரிக்கரை ஊர்களுக்குப் போகணும்னு பறவை ஆர்வலர்கள் சொல்வாங்க.

அதே டூருக்கு, மனச்சிதைவு நோயால் பல வருஷமா காப்பகத்தில் இருக்கிற 10 பேரையும் கூட்டிட்டுப் போகலாம்னு ஒருத்தர் சொன்னா? 'யாராவது ஓடிட்டா என்ன பண்றது?' முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், அந்தப் பயம் எதுவரை போகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடி காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். ஓடிவிடக் கூடாது என்று சங்கிலியில் கட்டிவைத்திருந்தார்கள்; தீ வந்தபோதும் ஓட முடியவில்லை.

இப்போது சட்டம் மாறிவிட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. அதன் 20-வது பிரிவு, ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் வசதி கிடைப்பதை உரிமை என்கிறது. சீருடையைக் கட்டாயப்படுத்தாமல், விரும்பினால் சொந்த உடையை அணியவும் விடச் சொல்கிறது. ஆக, டூர் என்பது யாரோ ஒரு நன்கொடையாளர் தன் பிறந்தநாளுக்குப் போடும் பிரியாணி இல்லை.

'நடைமுறைக்கு ஒத்துவருமா பாஸ்?' என்றால், சென்னையிலேயே பதில் இருக்கு. 1993-ல் தொடங்கிய 'தி பேனியன்' அமைப்பு, தன் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தில், நீண்ட காலம் மருத்துவமனையிலும் காப்பகத்திலும் இருந்தவர்களைச் சாதாரணத் தெருக்களில் வீடெடுத்துச் சேர்ந்து வாழவைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இதை நல்ல முன்னுதாரணமாகக் காட்டியது. தெருவில் குடியிருக்க முடிகிறவர்கள் ஒருநாள் ஏரிக்கரைக்கு வர முடியாதா?

முடியும். ஆனா, நம்ம டூர் மாதிரி 'கிளம்பு, பார்த்துக்கலாம்' கதை இங்க ஆகாது. முதலில், வர்றீங்களான்னு அவங்ககிட்டயே கேட்கணும். மாட்டேன்னா விட்டுடணும். அடுத்தது வெயில். மனநோய்க்கான சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும், உடம்பு சூட்டைத் தாங்காது. சில மாத்திரைகள் தோலை வெயிலில் சீக்கிரம் கன்றிப்போக வைக்கும். லித்தியம் சாப்பிடுகிறவருக்கு உடம்பில் நீர் வற்றினால், ரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அதனால் விடியற்காலை கிளம்பி, உச்சிவெயிலுக்கு முன்பே நிழலுக்கு வந்துவிட வேண்டும். தண்ணீர், தொப்பி, மதிய மாத்திரை எல்லாம் பையில் இருக்கணும். வழியில் டாய்லெட் எங்கே என்பதையும் முன்னாடியே பார்த்து வெச்சுக்கணும்.

படகு? வேண்டவே வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இந்த விஷயத்தில் அவங்களுக்கும் நமக்கும் ஒரே ரூல்தான். பூநாரையைக் கரையிலிருந்தே பார்க்கலாம். ஆளுக்கொரு பைனாகுலர் இல்லாட்டியும் ரெண்டு பேருக்கு ஒண்ணு போதும்.

அப்புறம், நம்ம கையில இருக்கிற போன். சிகிச்சையில் இருப்பவரின் போட்டோவை அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது சட்டத்தின் 24-வது பிரிவு. 'மனதை உருக்கும் பயணம்' என்று ரீல்ஸ் போடத் துடிக்கிற தன்னார்வலர்கள், இதை வேனில் ஏறும் முன்பே படிச்சிடுங்க.

திரும்பும் வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தினா, எல்லாருக்கும் சேர்த்து நீங்களே காசு கொடுத்துடாதீங்க. ஆளுக்கு 50 ரூபாய் கையில் கொடுத்துப் பாருங்க. டீயா, காபியா, இல்லை பக்கத்தில் இருக்கிற கடலை மிட்டாயா... அவங்களே கேட்டு வாங்கட்டும். மீதிச் சில்லறையையும் அவங்களே எண்ணிப் பார்க்கட்டும். வேன் பத்து நிமிஷம் லேட்டா கிளம்பும், அவ்வளவுதானே!