பாலைவன சைக்கிள் பந்தயம்: கொஞ்சம் தூங்க விட்டால்தான் என்ன?

அண்ணாமலையைச் சுற்றியுள்ள கிரிவலப் பாதை 14 கி.மீ. பௌர்ணமியன்று ஒரு சுற்று நடந்து வந்தவர்களே மறுநாள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அதே பாதையை சைக்கிளில் ஒரே நாளில் 28 தடவைக்கு மேல் சுற்ற வேண்டும், அதுவும் 12 நாள் விடாமல் சுற்ற வேண்டும் என்றால்...? ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா என்ற பந்தயத்தின் கணக்கு ஏறக்குறைய அதுதான். சுருக்கமாக 'ராம்' என்பார்கள் (ராமருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!). கலிஃபோர்னியாவின் ஓஷன்சைடில் கிளம்பி அமெரிக்காவின் கிழக்குக் கரை வரை சுமார் 4,800 கி.மீ. தனியாக ஓட்டும் ஐம்பது வயதுக்குட்பட்ட ஆண்களுக்குக் கெடு 12 நாள்.

1982-ல் நான்கே பேரோடு ஆரம்பித்த பந்தயம் இது. 2010-ல் பெங்களூரின் சமீம் ரிஸ்வி தனி ஆளாக இதில் இறங்கினார். 2015-ல் நாசிக்கைச் சேர்ந்த மகாஜன் சகோதரர்கள் இருவர் அணியாக ஓட்டி முடித்தார்கள். 2017-ல் ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத்தும் அமித் சமர்த்தும் தனித்தனியாக, 11 நாள் சொச்சத்தில் முடித்தார்கள். ஓட்டி முடித்த இந்த நான்கு பேருமே டாக்டர்கள் என்பது வேடிக்கை. தூக்கம் இல்லாவிட்டால் உடம்பு என்ன ஆகும் என்று படித்தவர்கள்!

ராம் என்றதும் எல்லோரும் பேசுவது பாலைவனத்தைப் பற்றித்தான். முதல் நாளே அது வந்துவிடுகிறது. கடற்கரையில் குளுகுளு காற்றில் கிளம்புகிறவர்கள் மலை ஏறி, பிறகு செங்குத்தான ஒரே இறக்கத்தில் பொரேகோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு இறங்குகிறார்கள். ஜூன் மாதம். சில மணி நேரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். அப்புறம் அரிசோனா. கை தூக்கி நிற்கிற மாதிரி உயரமான கள்ளிகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை நேர்கோட்டில் தார் ரோடு. மேலே இருந்து ஒரு சூடு, ரோட்டிலிருந்து ஒரு சூடு. காற்று அவ்வளவு வறட்சி என்பதால் வியர்வை வந்ததும் காய்ந்துவிடும், தண்ணீர் இழப்பதே தெரியாது. கத்திரி வெயிலில் வெறுங்காலோடு கிரிவலம் போகிறவர்கள் உள்ள ஊருக்கு வெயில் புதிதல்ல, ஆனால் இது வேறு வகை.

இருந்தாலும் வெயிலுக்கு வழி இருக்கிறது. பின்னாலேயே ஒரு வண்டி வருகிறது. அதில் உதவிக் குழு, ஐஸ், உப்பு கலந்த தண்ணீர், மாற்றுச் சக்கரம் எல்லாம் இருக்கும். தனி ஆள் பந்தயம் என்று பெயர்தானே தவிர, ஓட்டுகிறவர் குடிக்கும் ஒவ்வொரு மடக்கும் இன்னொருவர் கணக்குப் போட்டுக் கொடுத்தது. இரவில் அந்த வண்டியின் விளக்கு வெளிச்சத்தில்தான் ஓட்ட வேண்டும் என்று விதியே உண்டு.

தூக்கத்துக்குத்தான் வழி இல்லை. கிளம்பிய நிமிடத்திலிருந்து கடிகாரம் நிற்பதே இல்லை. தூங்குகிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். அதனால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கண் அயர்கிறார்கள். ஐந்து முறை வென்ற ஸ்லோவேனியாவின் யூரே ரோபிச், இல்லாத ஆட்கள் துரத்துவதாகக் கண்டிருக்கிறார், சைக்கிளை விட்டு இறங்கித் தபால் பெட்டிகளோடு சண்டைக்குப் போயிருக்கிறார். இதை வீரக்கதையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். லாரிகள் போகிற ரோட்டில், நினைவு தடுமாறிய ஒருவர் இரண்டு சக்கரத்தில் போகிறார் என்பதுதான் அதன் அர்த்தம்.

தூக்கம் கெட்ட ராத்திரியை "எனக்கு நேத்து சிவராத்திரி" என்று சொல்வது வழக்கம். சிவராத்திரி பிறந்த தலம் என்று சொல்லப்படும் திருவண்ணாமலையிலேயே அது வருஷத்துக்கு ஒரு ராத்திரிதான்!

அதே அமெரிக்க ரோட்டில் போகும் லாரி டிரைவருக்குச் சட்டம் என்ன சொல்கிறது? 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மறுபடி ஓட்டுவதற்கு முன் 10 மணி நேரம் ஓய்வு. பக்கத்தில் போகும் சைக்கிள்காரரைத் தூங்கச் சொல்லச் சட்டம் இல்லை. அவர் பின்னால் சைக்கிள் வேகத்தில் வண்டி ஓட்டிவரும் குழுவினரும் அரைத்தூக்கம்தான்.

"தூக்கத்தை ஜெயிப்பதுதானே பந்தயமே?" என்று கேட்பார்கள். குத்துச்சண்டையில் அடி வாங்கித் தள்ளாடுகிறவரை நடுவர் நிறுத்துகிறாரே, அதனால் அந்த விளையாட்டு கெட்டுப்போய்விட்டதா? மேலும் இது மூடிய மைதானம் இல்லை. எதிரே காரில் வரும் குடும்பம் இந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. 2005-ல் பாப் பிரீட்லவ் என்ற போட்டியாளர் கொலராடோவில் எதிரே வந்த வண்டியோடு மோதி இறந்தார் (விபத்தின் காரணம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு). மறு வருஷம், 2006-ல், 40 மணி நேரம் கட்டாய ஓய்வு எடுக்கும் ஒரு தனிப் பிரிவை ராம் கொண்டுவந்தது. நிலைக்கவில்லை. ஓய்வெடுத்து ஜெயிப்பவர் இரண்டாம் தரம் என்ற எண்ணம் இருக்கும்வரை தனிப் பிரிவு எடுபடாது, எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும். ரஷ்யாவின் டிரான்ஸ்-சைபீரியன் பந்தயம் 9,000 கி.மீ.க்கு மேல், ஆனால் கட்டம் கட்டமாக, நடுவில் ஓய்வு விட்டு நடந்தது. 2018-ல் அமித் சமர்த் அதையும் முடித்தார். அதைச் சுலபமான பந்தயம் என்று யாரும் சொல்லவில்லை.

இது அமெரிக்காக்காரர்கள் கவலை மட்டுமல்ல. தமிழ்நாட்டில் 'பிரெவே' என்ற நெடுந்தூர சைக்கிள் பயணம் பரவி வருகிறது. 600 கி.மீ.க்குக் கெடு 40 மணி நேரம். அதில் பின்னால் வண்டி வரவே கூடாது. அதாவது திண்டிவனம் – கிருஷ்ணகிரி ரோட்டில் நடுராத்திரி இரண்டு மணிக்கு தூக்கக் கலக்கத்தோடு போகிறவருக்குத் துணை, அவர் சைக்கிளின் சின்ன விளக்குதான். கெடுவை விதிப்பது பாரிஸில் உள்ள சங்கம், அதை இங்கே யாரும் மாற்ற முடியாது. ஆனால் மணிக்கு 20 கி.மீ. மிதித்தால் 600 கி.மீ.க்கு 30 மணி நேரம், பத்து மணி நேரம் மீதி இருக்கிறது. பாதி வழியில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்து, நாற்பது பாய் போட்டு, நாலு மணி நேரம் கழித்துத்தான் அட்டையில் முத்திரை குத்துவோம் என்று நடத்துபவர்கள் சொல்லலாம்.