மூங்கில் இலையும் பனை ஓலையும்

அயலூரில் வாழும் நம்மிடம் வழங்கும் ஒரு சொல் உண்டு: "அதெல்லாம் இங்கே எங்கே கிடைக்கிறது?" இச்சொல் எத்தகைய சோம்பற்சொல் என்பதைக் கொல்கத்தாவில் ஒரு சீன அம்மையார் நமக்கு உணர்த்தினார்.

அவர் நம் நண்பரின் தாயார், எழுபத்தைந்தைக் கடந்தவர். சீன மாதங்களில் ஐந்தாவதன் ஐந்தாம் நாள் அவர்களுக்குத் திருநாள். சூ யுவான் என்ற பண்டைக் கவிஞர் மீலுவோ ஆற்றில் மூழ்கி உயிர் துறந்தார் என்றும், அவர் உடலை மீன்கள் தீண்டாதிருக்க மக்கள் ஆற்றில் சோறிட்டனர் என்றும் கூறுவர். அச்சோற்றின் நினைவாகவே 'ஜோங்ஸி' கட்டுகின்றனர்.

அந்நாளில் நம் தாயாருடன் அவர் இல்லம் சென்றோம். ஊறவைத்த மூங்கில் இலைகள் இரண்டை அடுக்கிக் கூம்பாகச் சுருட்டி, பசையரிசியை நிரப்பி, முக்கோணமாய் மடித்து, நூலால் இறுகக் கட்டினார். பன்றி இறைச்சியும் உப்பிட்ட வாத்து முட்டையும் வைப்பது வழக்கம். நம் தாயார் புலால் உண்ணாதவர் என்றறிந்து, காரநீரில் ஊறிய அரிசியை மட்டும் வைத்துத் தனியாகச் சில கட்டித் தனிப் பானையிலும் வேகவைத்திருந்தார். பிரித்தபோது பொன்னிறம்; இலையின் மணம். சர்க்கரை தொட்டு உண்டோம். ஒன்றுடன் நிறுத்த மனம் வரவில்லை.

1962ஆம் ஆண்டுப் போரையொட்டி, இந்நாட்டுச் சீனர் ஆயிரக்கணக்கானோர் இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அச்சம் சூழ்ந்த அந்நாட்களிலும் தம் அன்னை இலை மடிப்பதை நிறுத்தவில்லை என்றார் அம்மையார். இன்று அவருடைய பிள்ளைகளில் இருவர் கனடாவின் டொரான்டோ நகரில் இருக்கின்றனர். "அங்கே இது கடையில் கிடைக்கிறதாம். ஆனால் மடிக்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் என்னோடு சரி" என்றார். உடனிருந்த நண்பர் தலை குனிந்தார். நாமும் குனிந்தோம்.

ஏனெனில், திருநெல்வேலியில் கார்த்திகை தோறும் நம் தாயார் ஓலைக் கொழுக்கட்டை செய்வார். அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், சுக்கு சேர்த்துப் பனங்குருத்தோலையில் அடைத்து ஆவியில் வேகவைப்பார். இரயில்வே குடியிருப்புக்கு வந்தபின் அது நின்றது. ஓலை கிடைக்காதென்று கூறி நிறுத்தியவர் நாமே.

வீடு திரும்புகையில் தாயார் கேட்டார்: "அந்த அம்மாளுக்கு மூங்கில் இலை கிடைக்கிறதே, பனைமரம் நிறைந்த வங்காளத்தில் எனக்கு ஓர் ஓலை கிடைக்காதா, ஐயா?"

நாள்தோறும் நாம் செல்லும் இருப்புப்பாதையின் இருமருங்கிலும் பனைகள் நிற்கின்றன. நாம் பார்த்ததில்லை!

வரும் கார்த்திகைக்கு ஓலை கொணர்வதாக வாக்களித்துள்ளோம். கொணர்வதோடு நில்லாது, அருகமர்ந்து கற்கவும் உறுதி பூண்டுள்ளோம். உங்கள் இல்லத்திலும் அன்னையின் கையோடு மட்டும் வாழும் பண்டம் ஒன்று இருக்கும். அதை உண்டு மகிழ்ந்தது போதும், இம்மாதமே கற்றுக்கொள்ளுங்கள்.