சமையல் மேடைக்குரிய வெளிச்சம்

சமையலறையைப் புதுப்பிக்க முற்படும் இல்லத்தார், அலமாரிக் கதவின் வர்ணத்திலும் கிரானைட்டின் பளபளப்பிலும் செலுத்துகின்ற சிரத்தையில் ஒரு பகுதியையேனும், சமையல் மேடையின் முன் நின்று நித்தியமும் காய் நறுக்குகிறவரின் கண்களுக்காகச் செலுத்த வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். கூரையின் நடுவில் எரியும் விளக்கு எத்துணைப் பிரகாசமாயினும், அதன் ஒளி முதுகுக்குப் பின்னிருந்து வருவதால், நிற்பவரின் நிழலே கத்தியின்மீதும் கீரையின்மீதும் கவிகிறது; முருங்கைக்கீரையில் ஒட்டிய புழுவும் துவரம்பருப்பில் கலந்த கல்லும் தப்பிவிடுவது அந்த நிழலில்தான்.

இதற்குப் பரிகாரம், மேல் அலமாரியின் அடியில், மெல்லிய அலுமினியச் சட்டத்துக்குள் அடங்கிய எல்இடி பட்டை விளக்கு. இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைந்த உயரமுள்ளதைத் தேர்ந்தால், அலமாரியின் முன்விளிம்பில் ஒரு சிறு மரப்பட்டியே அதை மறைத்துவிடும். சுவரையொட்டிப் பொருத்தினால் டைல்ஸே துலங்கும். முன்விளிம்பையொட்டி அமைத்தாலோ நறுக்கும் இடத்தில் ஒளி விழும். கருங்கல்லில் புள்ளிபுள்ளியாகப் பிரதிபலித்துக் கண்ணை உறுத்தாதிருக்கப் பால்நிற மூடி அவசியம். தாளிப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கை அதன்மேலிருந்து துடைப்பதும் சுலபம். விலை சற்று ஏறினும், நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ அளவு 90-க்குக் குறையாததையே வாங்க வேண்டும். மீனின் செவுளும் மிளகாய்த்தூளும் தம் சுயநிறத்தில் தோன்றுவது அப்போதுதான்.

12 அல்லது 24 வோல்ட்டில் எரியும் இப்பட்டைக்கு மின்சாரத்தை மாற்றித்தரும் டிரைவர், அடுப்பின் உஷ்ணத்துக்கு அப்பால், கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அதற்கான ஒயரை, டைல்ஸ் ஒட்டும் கொத்தனார் வேலையைத் தொடங்குமுன்பே எலக்ட்ரீஷியன் இழுத்து முடித்திருக்க வேண்டும்.